நான்கு பேருக்கான அனுமதி

குடிநீர் வாரியத்தில் வேலை பார்க்கிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஓய்வெடுத்துவிட முடியாது. அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. தலைமை அலுவலகத்தில் லிப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும். ஊழியர் ஓய்வு நலப் பிரிவு இருப்பது நான்காவது மாடியில். படியேறி மூச்சு வாங்க நிற்கிறவன் கண்ணில் முதலில் படுவது 'ஓய்வும் ஒரு கடமையே' என்ற பலகைதான். உட்கார நாற்காலி கிடையாது.

பம்ப் ஆபரேட்டர் அந்தப் படிகளை முதன்முதலாக ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை. பத்தொன்பது வருஷ சர்வீஸில் அவருக்கு அந்த மாடியில் ஜோலி இருந்ததில்லை. அவருடைய உலகம் ஊரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் நீரேற்று நிலையம். நான்கு மோட்டார், ஒரு மேசை, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, மணிக்கொரு தடவை பிரஷர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்து வைக்க ஒரு நோட்டு. சனி, ஞாயிறு என்றெல்லாம் மோட்டாருக்குத் தெரியாது; ஆகவே ஆபரேட்டருக்கும் தெரியாது. வாரத்துக்கு ஒரு நாள் லீவு. சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வேண்டுமென்றால் வாரியத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. அதன் பெயர் 'குடும்ப வார இறுதி உல்லாசத் திட்டம்'.

உல்லாசத்துக்கு அலைகிற நிலையில் அவர் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய சின்னவன் போய்விட்டான். ஆறு வயது. திங்கட்கிழமை காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வியாழக்கிழமை வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அவர் மனைவி அழவில்லை. பால்காரரிடம் நின்றால் அரை மணி நேரம் பேசுகிறவள், இப்போது "சாப்பாடு ஆச்சு", "தண்ணி வருது" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பெரியவளுக்கு ஒன்பது வயது. 'தம்பி' என்ற வார்த்தையை வீட்டில் சொல்லக் கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அவளே கற்றுக்கொண்டாள்.

மனைவியைப் பார்த்த டாக்டர் பச்சையாகவே சொல்லிவிட்டார். "அந்த வீட்டை விட்டு ரெண்டு நாள் வெளிய கூட்டிட்டுப் போங்க. தண்ணி, மரம், ஏதாவது பாக்கட்டும். அவங்க வாய்விட்டு அழணும். அழாம இருக்காங்க பாருங்க, அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

ஊருக்கு வெளியே ஒரு மணி நேரப் பயணத்தில் வாரியத்தின் ஏரி இருந்தது. ஏரிக்கரையில் ஊழியர்களுக்கென்றே கட்டிய ஓய்வு இல்லமும் இருந்தது. ஆபரேட்டர் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு நான்காவது மாடிக்கு ஏறினார்.

அங்கே இருந்த எழுத்தருக்கு வாரியம் முழுக்க 'இணைப்பு' என்றுதான் பெயர். எதைக் கொடுத்தாலும் முதல் பக்கத்தைப் படிக்குமுன் கடைசிப் பக்கத்தைப் புரட்டி "இணைப்பு எங்க?" என்று கேட்பார். பெற்ற தாய் வந்து நின்றாலும் கேட்பார் என்று கேன்டீனில் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் விண்ணப்பத்தையும் ஆபரேட்டரின் பணிப் பதிவேட்டையும் அருகருகே வைத்துக்கொண்டு விரலை ஓட்டினார்.

"குடும்பத்துல மூணு பேருன்னு எழுதியிருக்கீங்க. பதிவேட்டுல நாலு இருக்கே. நீங்க, மனைவி, மகள், மகன். மகன் எங்க?"

"இல்லைங்க சார்" என்றார் ஆபரேட்டர்.

"இல்லைன்னா? ஹாஸ்டல்ல படிக்கிறானா?"

"தவறிட்டான் சார். எட்டு மாசம் ஆச்சு."

இணைப்பின் பேனா நின்றது. அவரும் பிள்ளை பெற்றவர்தான். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். "அடப்பாவமே" என்றார். மனசாரத்தான் சொன்னார். பிறகு, "அதுக்கு இணைப்பு எங்க?" என்றார். கேட்டபோது அவர் குரல் தணிந்திருந்தது, ஆனாலும் கேட்டார்.

இரண்டு வழி இருப்பதாக அவர் விளக்கினார். ஒன்று, பெயர் நீக்கம். பெற்றோர் இருவரும் நேரில் வந்து கையெழுத்திட்டால், அதிகாரம் பெற்ற அலுவலர் சிவப்பு மையால் பதிவேட்டில் ஒரு கோடு போடுவார். இன்னொன்று இன்னும் சுலபம். 'பங்கேற்காத உறுப்பினர் உறுதிமொழிப் படிவம்'. அதை எடுத்து நீட்டினார்.

ஆபரேட்டர் அதை நீரேற்று நிலையத்தில் உட்கார்ந்து படித்தார். 'இந்த உல்லாசப் பயணத்தில் நான் என் சொந்த விருப்பத்தின் பேரிலும், யாருடைய வற்புறுத்தலும் இன்றியும் கலந்துகொள்ளாமல் இருக்கிறேன்.' கீழே காரணங்கள்; பொருந்துவதில் குறியிட வேண்டும். படிப்பு. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட வேறு பயணம். குடும்பத்தாருடன் மனத்தாங்கல். பிற. அவர் பேனாவைத் திறந்தார். மணி அடித்தது, எழுந்து போய் மீட்டரைப் பார்த்துக் குறித்துவிட்டு வந்தார். மறுபடி பேனாவைத் திறந்தார். இப்படியே எட்டு மணி நேர ஷிப்ட் முடிந்தது. மனத்தாங்கலா? அவனுக்கா? தூங்கும்போதுகூட அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கியவன் அவன்.

மனைவியை நாலு மாடி ஏற்றிக் கூட்டிப்போய்ப் பிள்ளையின் பெயரை அடிக்கச் சொல்வது என்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அடுத்த வாரம் படியேறியபோது விண்ணப்பத்தில் மூன்றை மாற்றி நான்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் செய்த தவறு அவ்வளவுதான். வாரியத்தில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இணைப்பின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிப் போடுங்க! இப்பதான் கணக்கு ஒத்துப்போகுது. இனிமே மளமளன்னு நடக்கும் பாருங்க."

மளமளவென்று நடந்த முதல் காரியம், முன்தயாரிப்பு வகுப்பு. ஓய்வெடுக்கத் தெரியாதவர்களை ஏரிக்கரைக்கு அனுப்பினால் ஏதாவது ஏடாகூடம் ஆகிவிடுமல்லவா? ஜன்னலில்லாத ஓர் அறையில் ஒன்பது ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஆறு பேர் இதே வகுப்பில் மூன்றாவது வருஷமாக இருப்பவர்கள். பிரிவு அதிகாரி எழுந்து நின்று, தண்ணீர் குடித்து, பேசத் தொடங்கினார்.

"நண்பர்களே, ஓய்வுங்கறது விளையாட்டுக் காரியம் இல்ல. நான் இந்தப் பிரிவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு நாள் லீவு போட்டதில்ல. என் பையன் என்ன படிக்கிறான்னு கேட்டீங்கன்னா எனக்குச் சட்டுன்னு சொல்ல வராது. ஆனா உங்க பிள்ளைங்க என்ன படிக்குதுன்னு கேளுங்க, ஃபைலைப் பாத்துப் பட்டுன்னு சொல்லிடுவேன். அந்த அளவுக்கு உங்க குடும்பங்களுக்காக உழைக்கிறேன். நம்ம ஓய்வு இல்லம் இருக்கே, பதினோரு வருஷத்துக்கு முந்தி விரிச்ச படுக்கை விரிப்பு, இன்னிக்கு வரைக்கும் ஒரு மடிப்புக் கலையல. கப், சாசர், ஒண்ணு உடையல. ஏன்? தகுதி இல்லாத ஒரு ஆளைக்கூட நாம உள்ள விட்டதில்ல. போன வருஷம் வந்தது நூத்தி நாப்பது விண்ணப்பம். முழுமையா இருந்தது ஒண்ணுகூட இல்ல. அதனாலதான் ஒரே ஒரு புகார்கூட வரல. சிறந்த பராமரிப்புக்கு ரெண்டு தடவை கேடயம் வாங்கியிருக்கோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒரு குழாய் ஃபிட்டர், "அப்ப இதுவரைக்கும் யாருமே போனதில்லையா சார்?" என்று கேட்டார்.

"போகணும்னுதானே இந்த வகுப்பே நடத்தறோம்!" என்றார் அதிகாரி, சற்று மனம் நொந்து.

வகுப்பு முடிந்ததும் தேர்வு. 'ஏரியைக் கண்டவுடன் குடும்பத் தலைவர் முதலில் செய்ய வேண்டியது: அ) மகிழ்தல் ஆ) உறுப்பினர்களை எண்ணுதல் இ) பதிவேட்டில் ஒப்பமிடுதல்'. ஆபரேட்டர் மகிழ்தல் என்று போட்டார். தவறு. எண்ணுதல்தான் சரி. இப்படி ஏழெட்டுக் கேள்வியில் கோட்டைவிட்டார். ஆனால் குழந்தைகள் உள்ள ஊழியருக்குக் குழந்தைக்கு இரண்டு மதிப்பெண் வீதம் சலுகை உண்டு. முடிவைச் சுவரில் ஒட்டியபோது அவர் விளிம்பில் தேறியிருந்தார். பெரியவளுக்கு இரண்டு, சின்னவனுக்கு இரண்டு. சின்னவனின் இரண்டு இல்லையென்றால் ஃபெயில். மற்றவர்கள் தோளில் தட்டிப் பாராட்டிவிட்டுப் போனபின் ஆபரேட்டர் மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்து, யாரும் வருவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது குடும்ப ஒற்றுமை ஆய்வு. குடும்பம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் நிஜமாகவே ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்ப்பது. சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். இணைப்பு ஒரு காலைப்பொழுதில் அட்டையும் பேனாவுமாக வாசலில் வந்து நின்றார். நான்கு என்று எழுதிக் கொடுத்ததை ஆபரேட்டர் மனைவியிடம் சொல்லியிருக்கவில்லை.

இணைப்பு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். செருப்புகளை எண்ணினார், தட்டுகளை எண்ணினார். குளியலறையில் எட்டிப் பார்த்து, பிளாஸ்டிக் டம்ளரில் இருந்த பல்துலக்கும் பிரஷ்களை எண்ணினார். நான்கு இருந்தன. ஒன்று மற்றவற்றைவிடச் சின்னது, பச்சை நிறம், முனையைக் கடித்துக் கடித்துப் பிய்த்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பையன் தவறியது அவருக்குத் தெரியும். ஆனால் ஃபைலுக்குத் தெரியாது. அவர் வந்திருப்பதோ ஃபைலின் சார்பில். அட்டையில் நான்கு என்று குறித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"குடும்பத்துல நாலு பேர்தானேம்மா?"

ஆபரேட்டர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி சமையலறை வாசலிலிருந்து பதில் சொன்னாள். "ஆமா. நாலு பேர்தான்."

"சின்னவருக்கு வயசு?"

"ஆறு."

"ஏரிக்கரைங்கறதால கேக்கணும், தப்பா நினைக்காதீங்க." இணைப்பு அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தண்ணியக் கண்டா பயப்படுவாரா?"

"பயமா, அவனுக்கா?" என்றாள் அவள். "வாளித் தண்ணிக்குள்ளயே தலையை விட்டுட்டு மூச்சை எண்ணச் சொல்லுவான். கூடவே ஒரு ஆள் நின்னுக்கிட்டே இருக்கணும்."

'கூடுதல் கவனிப்பு தேவை' என்று எழுதிக்கொண்டு இணைப்பு விறுவிறுவென்று வெளியேறினார். கொடுத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை.

ஆபரேட்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மூணுன்னு எழுதினா அது வேணும் இது வேணும்னாங்க. அதான் நாலுன்னு..."

"எட்டு மாசமா ஒரு ஆள் அவனைப் பத்திக் கேக்கலைங்க" என்றாள் அவள். "எங்க அண்ணன் வந்தான், வெயிலைப் பத்திப் பேசினான். உங்க தங்கச்சி வந்தா, வீடு மாத்தறதைப் பத்திப் பேசினா. பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கண்டாலே கதவைச் சாத்திக்கிறாங்க, பாவம், என்ன பேசறதுன்னு தெரியாம. இந்த ஆள் ஒருத்தர்தான் கேட்டாரு. தண்ணிக்குப் பயப்படுவானான்னு கேட்டாரு. நாலுன்னே இருக்கட்டும்."

ஆபரேட்டர் இணைப்பு குடிக்காமல் விட்டுப்போன டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊரெல்லாம் மறந்துவிட்ட மாதிரி நடிக்கிற பிள்ளையை, மறக்கத் தெரியாத அந்த மடத்தனமான ஆபீஸ் மட்டும் கணக்கில் வைத்திருக்கிறது. இதற்குக் கோபப்படுவதா, கும்பிடு போடுவதா? அன்றிலிருந்து அவர் மனைவி, "லெட்டர் வந்துச்சா?" என்று கேட்கத் தொடங்கினாள். பையை எடுத்துத் தூசி தட்டினாள். பெரியவளிடம் எந்தச் சட்டை வேண்டும் என்று கேட்டாள். ஆபரேட்டருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. 'நால்வர் அடங்கிய தங்கள் குடும்பம் சனி காலை பத்து மணி முதல் ஞாயிறு மாலை ஐந்து மணி வரை மகிழ்ச்சியாக இருக்க இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது.' அதிகாரி அவரைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். பதினோரு வருஷத்தில் முழுமையான முதல் விண்ணப்பம் அது.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பாகவே ஓய்வு இல்லத்து வாசலில் போய் நின்றார்கள். காப்பாளர் இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையில் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். "வாங்க, வாங்க! பதினோரு வருஷமா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கேட்டுக்குப் பின்னால் ஏரி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர். பெரியவள் ஏற்கெனவே ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம் பாப்பா" என்று காப்பாளர் விரலை நீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. முகம் சுருங்கியது. இந்தப் பக்கத்திலிருந்து எண்ணினார். மூன்று. கடிதத்தைப் பார்த்தார். ஏரிச் சாலையை எட்டிப் பார்த்தார். "நாலாவது ஆள் பின்னால வர்றாரா?"

ஆபரேட்டர் விஷயத்தைச் சொன்னார். காப்பாளர் இடிந்துபோய் உள்ளே ஓடி, போனை எடுத்து வந்து அதிகாரியைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலியைக் கூட்டி வைத்தார். இருபது நிமிஷம் விதிமுறைப் புத்தகம் புரட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் அதிகாரியின் குரல் வந்தது, கனிவாகவே வந்தது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க துக்கத்துல வாரியமும் பங்கு எடுத்துக்குது. அதுக்குத் தனிப் படிவமே இருக்கு, திங்கட்கிழமை அனுப்பி வைக்கிறேன். ஆனா பாருங்க, அனுமதி கொடுத்தது குடும்பத்துக்கு. நாலுல ஒண்ணு குறைஞ்சா அந்தக் குடும்பம் வரலைன்னுதான் அர்த்தம். நாலு கட்டில் போட்டாச்சு. ஒண்ணு காலியா கிடந்தா ஆடிட்ல கேள்வி வரும். உங்களுக்காக விதியைத் தளர்த்தி காப்பாளருக்கு இப்பவே அதிகாரம் கொடுக்கறேன். பதிவேட்டு நகல் அவர்கிட்ட இருக்கு, சிவப்புப் பேனாவும் இருக்கு. பேர் மேல ஒரே ஒரு கோடு. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல கையெழுத்து. ஒரு நிமிஷ வேலை. அப்புறம் ரெண்டு நாள் சந்தோஷமா இருங்க."

காப்பாளர் நகலைக் கொண்டுவந்து கேட்டருகே இருந்த மேசையில் விரித்தார். ஆபரேட்டர் ஏரியைப் பார்த்தார், பெரியவளைப் பார்த்தார். டாக்டர் சொன்னது காதில் ஒலித்தது. ஒரு கோடுதானே. வெறும் காகிதம்தானே. அவனா அந்தக் காகிதத்தில் இருக்கிறான்? அவர் பேனாவுக்குக் கை நீட்டினார்.

அவர் மனைவி குனிந்து மகனின் பெயரைப் படித்துக்கொண்டிருந்தாள். "இது யார் எழுதினது?"

"நான்தான். அவன் பொறந்த வாரம், ஆபீஸ்ல போய் எழுதினேன்."

"நீங்க இவ்வளவு அழகா எழுதி நான் பாத்ததே இல்ல" என்றாள். பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள். "அடிக்க மாட்டேன் சார்."

"நீங்க அடிக்க வேணாம்மா, அடிக்கறது காப்பாளர். நீங்க கையெழுத்து மட்டும்..."

"அதுவும் மாட்டேன்."

ஆபரேட்டர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, நிம்மதியாக இருந்தது. காப்பாளர் பெரியவளின் காலைப் பார்த்து, "பாப்பா, கொஞ்சம் வெளிய நில்லும்மா" என்று சொல்லி, கேட்டைச் சாத்தினார். சாத்தும்போது அழுதேவிட்டார். அப்புறம் உள்ளே போய், யாரும் படுக்காத நான்கு கட்டில்களின் விரிப்பையும் ஒருதரம் இழுத்துவிட்டிருப்பார். அவர் வேலை அது.

திரும்பிப் போக பஸ் இரண்டு மணி நேரம் கழித்துத்தான். பஸ் நிறுத்தத்து சிமெண்ட் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஓய்வு இல்லத்தின் மதில் ஏரியை மறைத்துக்கொண்டிருந்தது. மதில் முடிகிற இடத்தில் கையகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. அவர் மனைவி ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்து வைத்தாள். பெரியவள் மதிலையே பார்த்துக்கொண்டு முட்டையைத் தின்றாள்.

"தம்பியா இருந்தா இந்நேரம் ஏறிக் குதிச்சிருப்பான்ல?" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"குதிச்சு முட்டியைப் பேத்துக்கிட்டும் இருப்பான்" என்றாள் அம்மா. "பேத்துக்கிட்டு, அக்காதான் தள்ளிவிட்டான்னு சொல்லியிருப்பான்."

"எப்பவும் அப்படித்தாம்மா சொல்லுவான்!" பத்து மாதம் அடக்கி வைத்த புகார் பெரியவளின் வாயிலிருந்து கொட்டியது. அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

பஸ் வந்தது. காலையில் வரும்போது ஆபரேட்டர் முந்திக்கொண்டு போய், எத்தனை பேர் என்பதைக் கண்டக்டரின் காதோடு சொல்லி டிக்கெட் வாங்கியிருந்தார். இப்போது பையைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தார்; அதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார்.

"எத்தனை பேரும்மா?"

ஆபரேட்டர் பையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினார். அவர் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தாள், மடியில் சாய்ந்திருந்த பெரியவளைப் பார்த்தாள், பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தாள்.

"மூணு பேர்" என்றாள்.

சொன்னவுடன் அவள் குரல் உடைந்துவிட்டது. முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, பெருங்குரலெடுத்து அழுதாள். ஆபரேட்டர் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தார், அவரும் அழுதார். கண்டக்டர் மூன்று டிக்கெட்டைக் கிழித்துப் பெரியவளின் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.